சீபிஸ்கட்டைக் கைவிட்டவரா சன்னி ஜிம்? 78 ஆண்டுகள் லாயத்தில் வாழ்ந்த ஒரு பயிற்சியாளரின் கதை

சீபிஸ்கட் என்ற ஹாலிவுட் படம் பார்த்திருக்கிறீர்களா? 2003ல் வந்தது. பார்த்திருக்காவிட்டாலும் பரவாயில்லை, கதை இதுதான். யாரும் மதிக்காத ஒரு குட்டையான குதிரை. அதை வாங்கும் ஒரு கார் வியாபாரி. அதிகம் பேசாத ஒரு பயிற்சியாளர். பொருளாதாரப் பெருமந்தத்தில் நொந்துபோயிருந்த அமெரிக்கா அந்தக் குதிரையின் பின்னால் ஓடுகிறது. 1930களில் நிஜமாகவே நடந்த கதை.

அந்தக் கதையின் தொடக்கத்தில் இன்னொரு பயிற்சியாளர் உண்டு. சீபிஸ்கட்டை முதலில் தன் லாயத்தில் வைத்திருந்தவர். பெயர் ஜேம்ஸ் ஃபிட்ஸிம்மன்ஸ், பத்திரிகைகள் வைத்த பட்டப்பெயர் சன்னி ஜிம். படத்தின் வழியாக மட்டும் இவரைத் தெரிந்துகொண்டவர்களுக்கு இவர் யார்? கையில் இருந்த வைரத்தைக் கூழாங்கல் என்று நினைத்து விட்டுவிட்ட மனுஷன். அவ்வளவுதான்.

ஆனால் அதே மனிதர்தான் அமெரிக்கக் குதிரைப் பந்தயத்தின் மிகப்பெரிய சாதனையான டிரிபிள் கிரவுனை இரண்டு முறை வென்ற முதல் பயிற்சியாளர். அந்தச் சாதனையை இன்னொருவர் தொட 83 ஆண்டுகள் பிடித்தன. 10 வயதில் லாயத்துக்குள் நுழைந்தவர், 89ஐ நெருங்கும்போதுதான் வெளியே வந்தார். இப்படிப்பட்டவருக்கு சீபிஸ்கட் எப்படித் தப்பியது?

எண்களோடு வேலை செய்கிற ஆள் என்பதால், நான் முதலில் அவருடைய குதிரைகளின் ஓட்டக் கணக்கைத்தான் எடுத்து அடுக்கினேன். பதில் அங்கேதான் இருந்தது. அதற்கு முன் அவர் யார் என்று பார்த்துவிடலாம்.

ரேஸ் டிராக் வந்து சேர்ந்த ஊர்

ஃபிட்ஸிம்மன்ஸ் பிறந்தது 1874 ஜூலை 23 அன்று, நியூயார்க்கின் புரூக்ளினில் ஷீப்ஸ்ஹெட் பே என்ற இடத்தில். அப்போது அது கடலோரக் கிராமம் மாதிரிதான். அவருக்கு ஆறு வயது இருக்கும்போது, 1880ல், அங்கேயே ஒரு பெரிய ரேஸ் டிராக் கட்டப்பட்டது. பையன் குதிரையைத் தேடிப் போகவில்லை. குதிரைகள்தான் அவன் ஊருக்கு வந்தன.

1885 மார்ச்சில் பிரென்னன் சகோதரர்களின் லாயத்தில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தான். வயது பத்து. பள்ளிக்கூடம் அத்தோடு சரி. லாயத்தைக் கூட்டுவது, தண்ணீர் இறைப்பது, குதிரைகளை நடக்க வைப்பது என்று ஆரம்பித்து, கொஞ்ச நாளில் ஏறி ஓட்டவும் கற்றுக்கொண்டான். 1889ல் ஜாக்கி ஆனான்.

ஜாக்கி என்றதும் பெரிய மைதானம், கைத்தட்டல் என்று கற்பனை செய்யாதீர்கள். அவர் ஓட்டியது பெரும்பாலும் அரை மைல் சுற்றளவு கொண்ட சின்னச் சின்ன டிராக்குகளில். சுமாரான குதிரைகள், சொற்பப் பணம். அதிலும் ஒரு பெரிய எதிரி இருந்தது: எடை.

ஜாக்கிக்கு எடை என்பது நமக்கு இருப்பது மாதிரி ஆரோக்கியப் பிரச்சினை இல்லை, வேலைப் பிரச்சினை. குதிரை சுமக்க வேண்டிய எடை முன்கூட்டியே நிர்ணயிக்கப்பட்டுவிடும். ஜாக்கி அதற்குள் அடங்காவிட்டால் அன்றைய சவாரி வேறொருவனுக்கு. ஃபிட்ஸிம்மன்ஸ் வளர வளர உடம்பு கனத்தது. பட்டினி கிடந்தார். கனமான துணிகளைச் சுற்றிக்கொண்டு ஓடினார். ஒருமுறை சீக்கிரம் எடை குறைய வேண்டும் என்று செங்கல் சூளையின் அனலில் கிடந்து வியர்வையை வடித்தார். பிற்காலத்தில் தன் முதுகெலும்பு வளைந்துபோனதற்கு அந்தச் சூளைதான் காரணம் என்று அவர் நம்பினார். மருத்துவர்கள் சொன்ன பெயர் ஆர்த்ரைட்டிஸ், மூட்டுவாதம். சூளைக்கும் அதற்கும் நிஜமாகவே தொடர்பு உண்டா என்பது வேறு விஷயம். அவர் மனதில் அந்தக் கணக்கு அப்படித்தான் பதிவாகியிருந்தது.

கடைசியில் ஜாக்கி வேலை போனது. இனி குதிரைகளைப் பழக்குவதுதான் வழி. 1900 ஆகஸ்டில், புரூக்ளினின் பிரைட்டன் பீச் டிராக்கில் ஆக்னஸ் டி என்ற குதிரை ஜெயித்தது. பயிற்சியாளராக அவருடைய முதல் வெற்றி. வயது 26.

பந்தயமே நின்றுபோனபோது

முதல் வெற்றியிலிருந்து பெரிய குதிரைகள் கைக்கு வருவதற்கு அவர் இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. அவருடைய திறமையைத் தாண்டி அதற்கு ஒரு காரணமும் உண்டு.

1908ல் நியூயார்க் மாகாணம் ரேஸ் மைதானங்களில் பந்தயம் கட்டுவதைத் தடை செய்து சட்டம் கொண்டுவந்தது. 1910ல் அதை இன்னும் இறுக்கினார்கள். மைதானத்துக்குள் யாராவது பெட் கட்டினால் மைதானத்தை நடத்துபவர்களே பொறுப்பு என்றாகிவிட்டது. யார் ஜெயிலுக்குப் போவார்கள்? கதவைச் சாத்திவிட்டார்கள். 1911, 1912 ஆகிய இரண்டு ஆண்டுகள் நியூயார்க்கில் குதிரைப் பந்தயமே இல்லை. நல்ல குதிரைகளை ஓனர்கள் ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். ஃபிட்ஸிம்மன்ஸ் மாதிரி ஆட்கள் மேரிலாண்ட் போன்ற இடங்களில் பிழைப்பைத் தேடினார்கள்.

1913ல் பந்தயம் திரும்பியது. ஆனால் அவர் சிறுவனாக வேலைக்குச் சேர்ந்த ஷீப்ஸ்ஹெட் பே டிராக்கில் அதன்பின் குதிரைகள் ஓடவே இல்லை. சில ஆண்டுகளில் அந்த இடத்தில் கார் பந்தயம் நடந்தது.

ஓனர், டிரெய்னர்: யார் என்ன செய்கிறார்கள்?

பந்தயம் பார்க்காதவர்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். குதிரை ஓனருடையது. எதை வாங்குவது, எதை விற்பது என்பது அவர் முடிவு. பயிற்சியாளருக்குத் தினசரிப் பராமரிப்புக் கட்டணமும், குதிரை ஜெயிக்கும் பரிசுப் பணத்தில் வழக்கமாகப் பத்து சதவீதமும் கிடைக்கும். எப்போது ஓட வேண்டும், எந்தப் பந்தயத்தில், எவ்வளவு தூரம், காலில் வீக்கம் இருக்கிறதா, இன்று தீனி தின்றதா, இதெல்லாம் பயிற்சியாளரின் பொறுப்பு. ஜாக்கிக்கு இரண்டு நிமிட வேலை. பயிற்சியாளருக்கு அந்த இரண்டு நிமிடத்துக்காக இரண்டு வருட வேலை.

1920களில் ஃபிட்ஸிம்மன்ஸுக்கு இரண்டு பெரிய ஓனர்கள் கிடைத்தார்கள். ஒருவர் வில்லியம் உட்வர்ட், நியூயார்க் வங்கியாளர். மேரிலாண்டில் பெல்லேர் ஸ்டட் என்ற குதிரைப் பண்ணை வைத்திருந்தவர். இன்னொன்று வீட்லி ஸ்டேபிள், கிளாடிஸ் ஃபிப்ஸ் என்ற பெண்மணியும் அவருடைய சகோதரர் ஆக்டன் மில்ஸும் சேர்ந்து தொடங்கியது. அந்த மில்ஸ் பிற்பாடு அமெரிக்காவின் நிதியமைச்சராகவே ஆனவர். பணத்துக்குப் பஞ்சமில்லாத இடங்கள். கென்டக்கியில் வளர்ந்த உயர்சாதிக் குட்டிகள் வருடாவருடம் வந்து இறங்கின.

அந்தக் கூட்டத்தில் வந்ததுதான் கேலன்ட் ஃபாக்ஸ். பார்க்க அழகான, ஆனால் வேடிக்கை பார்க்கும் குதிரை. பயிற்சியில் பக்கத்தில் ஓடும் குதிரையை முந்திவிட்டால் போதும், அதற்குச் சலிப்புத் தட்டிவிடும். ஓட்டத்தைக் குறைத்துவிடும். ஃபிட்ஸிம்மன்ஸ் என்ன செய்தார் தெரியுமா? பயிற்சி தூரத்தில் ஆங்காங்கே புதுக் குதிரைகளை நிறுத்தி வைத்தார். ஒன்றை முந்தியதும் அடுத்தது பக்கத்தில் சேர்ந்துகொள்ளும். தொடர் ஓட்டம் மாதிரி. சோம்பேறிக் குதிரைக்கு சாட்டையை விட ஒரு ஆள்துணை நன்றாக வேலை செய்தது.

1930ல் அந்தக் குதிரை கென்டக்கி டெர்பி, ப்ரீக்னஸ், பெல்மான்ட் ஆகிய மூன்றையும் ஜெயித்தது. இந்த மூன்றும் சேர்ந்ததுதான் டிரிபிள் கிரவுன். மூன்று வயதுக் குதிரைகள் மட்டும்தான் ஓட முடியும் என்பதால், எந்தக் குதிரைக்கும் வாழ்நாளில் ஒரே ஒரு வாய்ப்புதான். அதற்கு முன் ஒரே ஒரு குதிரைதான் இதைச் செய்திருந்தது, 1919ல்.

1935ல் கேலன்ட் ஃபாக்ஸின் மகன் ஒமாஹா அதே மூன்றையும் ஜெயித்தது. டிரிபிள் கிரவுன் வென்ற அப்பாவுக்கு டிரிபிள் கிரவுன் வென்ற பிள்ளை. இன்றுவரை இது ஒரே ஒரு முறைதான் நடந்திருக்கிறது. அப்பா, பிள்ளை இரண்டுக்கும் பயிற்சியாளர் ஒருவரே.

சரி, சீபிஸ்கட் கதைக்கு வருவோம்

ஒமாஹா நாடு முழுக்கத் தலைப்புச் செய்தியாக இருந்த அதே 1935ல், அதே பயிற்சியாளரின் பொறுப்பில், வீட்லிக்குச் சொந்தமான இரண்டு வயது சீபிஸ்கட்டும் ஓடிக்கொண்டிருந்தது. குட்டை. முட்டி சரியில்லை. தின்பதும் தூங்குவதும் பிடித்தமான வேலை. அதன் அப்பா ஹார்ட் டாக்கும் இவரிடம்தான் இருந்தது. வேகம் உண்டு, ஆனால் அடங்காத முரட்டுக் குதிரை.

இப்போது நான் சொன்ன ஓட்டக் கணக்கைப் பாருங்கள். இரண்டு வயதில், அதாவது முதல் சீசனில், கேலன்ட் ஃபாக்ஸ் ஓடிய பந்தயங்கள் 7. ஒமாஹா ஓடியது 9. சீபிஸ்கட் ஓடியது 35.

தட்டச்சுப் பிழை இல்லை. முப்பத்தைந்து. கேலன்ட் ஃபாக்ஸ் தன் மொத்த வாழ்நாளிலும் ஓடியது 17 பந்தயங்கள்தான். சீபிஸ்கட் ஒரே வருஷத்தில் அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ஓடிவிட்டது. முதல் 17 பந்தயங்களில் ஒன்றில்கூட ஜெயிக்கவில்லை. வருஷம் முடியும்போது கணக்கில் 5 வெற்றி.

இடையில் சில பந்தயங்களில் அதன் மேல் விலைச்சீட்டும் ஒட்டினார்கள். இந்த வகைப் பந்தயத்தில் ஓடும் குதிரையை, குறித்த விலை கொடுத்து யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொண்டு போகலாம். விலை 2,500 டாலர். ஒருவரும் வரவில்லை.

இதில் என்ன தெரிகிறது? ஒரே பயிற்சியாளர், ஆனால் இரண்டு விதமான நடத்தை. நல்ல வம்சம், நல்ல உடல்வாகு என்று தெரிந்த குட்டிக்கு ஓய்வு, நிதானம், அதன் மனசுக்கு ஏற்ற பயிற்சி. இரண்டாம் தரம் என்று முடிவாகிவிட்ட குட்டி தன் தீனிச் செலவைத் தானே ஓடிச் சம்பாதிக்க வேண்டும். நாற்பது, ஐம்பது குதிரைகள் உள்ள பணக்கார லாயத்தில் ஒவ்வொன்றையும் ஆற அமர உட்கார்ந்து பார்க்க முடியாது. பெரிய குதிரைகள் ஓடும் இடத்தில் பெரியவர் இருப்பார், சில்லறைப் பந்தயங்களுக்கு உதவியாளர்கள் கூட்டிப்போவார்கள்.

ஆக, சீபிஸ்கட்டிடம் வேகம் இருப்பது இவருக்குத் தெரியாமல் இருந்தது என்று நான் நினைக்கவில்லை. சோம்பேறிக் குதிரையை எப்படி ஓட வைப்பது என்பதும் தெரியும், ஐந்தே வருடம் முன்புதான் செய்து காட்டியிருக்கிறார். அந்தப் பொறுமையை யாருக்குச் செலவழிப்பது என்பதில்தான் கணக்குத் தப்பியது. என் பார்வையில் இது கண் தவறியதை விடப் பெரிய குற்றம். அதே நேரம், அவர் ஒருவர் தலையில் மட்டும் கட்ட முடியாத குற்றமும்கூட.

1936 ஆகஸ்டில் சார்ல்ஸ் ஹோவர்ட் என்ற கலிபோர்னியா கார் வியாபாரி சீபிஸ்கட்டை 8,000 டாலருக்கு வாங்கினார். அவருடைய பயிற்சியாளர் டாம் ஸ்மித்திடம் குதிரைகள் குறைவு, நேரம் அதிகம். முதலில் அதைத் தூங்கவிட்டார். 1938 நவம்பரில் அது, முந்தைய ஆண்டின் டிரிபிள் கிரவுன் சாம்பியனான வார் அட்மிரலை நேருக்கு நேர் ஓடித் தோற்கடித்தது. 1940ல் ஓய்வுபெற்றபோது அதன் சம்பாத்தியம் 4,37,730 டாலர், அன்றைய உலக சாதனை.

வெற்றிக் கணக்கில் தெரியாத ஒரு குதிரை

ஃபிட்ஸிம்மன்ஸின் குதிரைகள் ஜெயித்த பந்தயங்கள் மொத்தம் 2,275. பரிசுப் பணம் 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு மேல். இந்த 2,275ல் ஒன்று 1934ல் வந்தது. டார்க் சீக்ரெட் என்ற வீட்லி குதிரை, நியூயார்க்கின் பெல்மான்ட் பார்க்கில் ஜாக்கி கிளப் கோல்டு கப் பந்தயத்தில் ஓடியது. இரண்டு மைல், கிட்டத்தட்ட 3.2 கிலோமீட்டர். எல்லைக்கோட்டை நெருங்கும்போது காலில் பலமான காயம். அப்படியும் நிற்காமல் ஓடி ஜெயித்தது. பிறகு அதைக் காப்பாற்ற முடியாமல் கருணைக்கொலை செய்தார்கள்.

பதிவேட்டில் அது ஒரு வெற்றி. டேட்டாவில் அதற்கு மேல் ஒரு காலம் கிடையாது. இப்படி எண்களை மட்டும் பார்த்துப் பழகிய எனக்கு, அந்த ஒரு வரியைத் தாண்டிப் போகக் கொஞ்ச நேரம் பிடித்தது.

சும்மா ஒரு ஒப்பீட்டுக்கு: 63 ஆண்டுகளில் 2,275 என்றால் வருஷத்துக்குச் சராசரி 36 வெற்றிதான். இன்றைய அமெரிக்கப் பயிற்சியாளர் ஸ்டீவ் ஆஸ்முசன் 2023ல் 10,000 வெற்றியைத் தாண்டிவிட்டார். பல ஊர்களில் கிளை லாயம், விமானத்தில் பறக்கும் குதிரைகள் என்று தொழிலே மாறிவிட்டது. ஃபிட்ஸிம்மன்ஸின் எண் பெரிதாகத் தெரிவது இன்னொரு இடத்தில். டிரிபிள் கிரவுனின் மூன்று பந்தயங்களைத் தனித்தனியாக எண்ணினால் அவருக்கு டெர்பி 3, ப்ரீக்னஸ் 4, பெல்மான்ட் 6. மொத்தம் 13. பல பத்தாண்டுகள் அதுதான் சாதனை.

கூன் விழுந்த முதுகு, குதிரையின் கால்

வயது ஏற ஏற அவருடைய முதுகு முழுசாகவே வளைந்தது. ஊன்றுகோல் இல்லாமல் நடக்க முடியாது. முகம் எப்போதும் தரையைப் பார்த்திருக்கும். ஆனால் பந்தயக் குதிரையில் முதலில் கெடுவது கால்தான். மற்றவர்கள் குனிந்து பார்க்க வேண்டியது இவர் கண்ணுக்கு நேராகவே இருந்தது. காலையில் குதிரைகளை வரிசையாக நடக்கவிட்டு ஒவ்வொரு காலையும் பார்ப்பார், தொட்டு சூடு இருக்கிறதா என்று சோதிப்பார்.

சன்னி ஜிம் என்ற பெயர் வந்தது அந்தக் காலத்து ஒரு காலை உணவு டப்பாவில் இருந்த சிரிக்கும் கார்ட்டூன் மனிதனால். ஒரு பத்திரிகையாளர் வைத்தார், ஒட்டிக்கொண்டது. லாயத்தில் யாரும் அப்படிக் கூப்பிடவில்லை. அங்கே அவர் மிஸ்டர் ஃபிட்ஸ்.

80 வயதில் அவருக்கு இன்னொரு பெரிய குதிரை கிடைத்தது: நாஷுவா. பெல்லேர் பண்ணையுடையது. 1953ல் பெரிய உட்வர்ட் இறந்து, மகன் பொறுப்புக்கு வந்திருந்தார். 1955 கென்டக்கி டெர்பியில் கலிபோர்னியாக் குதிரை ஸ்வாப்ஸிடம் நாஷுவா தோற்றது. அடுத்த இரண்டையும், ப்ரீக்னஸும் பெல்மான்ட்டும், ஜெயித்தது. ஸ்வாப்ஸ் அவற்றில் ஓடவில்லை என்பதால் எது பெரிய குதிரை என்ற சண்டை ஓயவில்லை. ஆகஸ்ட் 31 அன்று சிகாகோவில் இரண்டும் மட்டும் மோதின. ஜெயித்தவருக்கு ஒரு லட்சம் டாலர், தோற்றவருக்குப் பூஜ்யம். நாடே டிவியில் பார்த்தது. நாஷுவா முதல் அடியிலிருந்தே முன்னால் போய் ஆறரை குதிரை நீளத்தில் ஜெயித்தது. (ஸ்வாப்ஸுக்குக் குளம்பில் பிரச்சினை இருந்தது. அதன் ரசிகர்கள் இன்றும் அதைச் சொல்லத் தவறுவதில்லை.)

இரண்டே மாதத்தில் இளைய உட்வர்ட் தன் வீட்டிலேயே மனைவியின் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானார். திருடன் என்று நினைத்துச் சுட்டதாக மனைவி கூறினார், வழக்குத் தொடரப்படவில்லை. பெல்லேரின் குதிரைகள் விற்பனைக்கு வந்தன. மூடிய உறையில் விலை கேட்டார்கள், நாஷுவா 12,51,200 டாலருக்குப் போனது. பத்து லட்சம் டாலரைத் தாண்டி விற்ற முதல் பந்தயக் குதிரை. முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்த லாயம் சில வாரங்களில் கலைந்தது. ஆனால் புது ஓனர்கள் நாஷுவாவை அவரிடமே விட்டார்கள். 1956 முழுக்க அதை அவர்தான் பழக்கினார்.

கடைசிப் பெரிய குதிரை போல்ட் ரூலர், வீட்லியுடையது. அதற்கும் ஆர்த்ரைட்டிஸ். பயிற்சியாளருக்கும் குதிரைக்கும் ஒரே வியாதி. 1957 டெர்பியில் நான்காவதாக வந்தது, ப்ரீக்னஸை ஜெயித்தது, பெல்மான்ட்டின் நீண்ட தூரம் தாங்காமல் மூன்றாவதானது, வருஷக் கடைசியில் அந்த ஆண்டின் சிறந்த குதிரை என்ற பட்டத்தை வாங்கியது. அடுத்த வருஷம் ஃபிட்ஸிம்மன்ஸின் பெயர் அமெரிக்கப் பந்தய ஹால் ஆஃப் ஃபேமில் சேர்ந்தது. அதற்குப் பிறகும் ஐந்து வருஷம் அவர் காலையில் லாயத்துக்கு வந்துகொண்டிருந்தார்.

1963ல் ஓய்வுபெற்றார். வீட்லியின் குதிரைகள் பில் வின்ஃப்ரே என்ற அடுத்த தலைமுறைப் பயிற்சியாளரிடம் போயின. 1966 மார்ச் 11 அன்று மயாமியில், 91 வயதில் இறந்தார்.

கென்டக்கி பண்ணைக்கு அனுப்பப்பட்ட போல்ட் ரூலர் குட்டிகளுக்குத் தகப்பனாக இன்னொரு வாழ்க்கை வாழ்ந்தது. எட்டு ஆண்டுகள் அமெரிக்காவின் முதன்மைப் பொலிகுதிரை அதுதான். அவர் இறந்து நான்கு வருஷம் கழித்துப் பிறந்த அதன் குட்டி ஒன்று, 1973 ஜூன் 9 அன்று பெல்மான்ட் பார்க்கில் 31 குதிரை நீளம் முன்னால் ஓடி டிரிபிள் கிரவுன் வாங்கியது. அதன் பெயர் செக்ரட்டேரியட். அன்று அது ஓடிய 2 நிமிடம் 24 விநாடி இன்னும் சாதனைப் பட்டியலில் முதலிடத்தில் இருக்கிறது.